மரத்துக்கு முன் வந்த மனம்

கொலோனில் நாங்கள் சிலர் நடத்தும் வார இறுதித் தமிழ் வகுப்புக்காகச் சென்ற குளிர்காலத்தில் ஒரு சின்ன இணையச் செயலி எழுதினேன். பிள்ளை ஒரு சொல்லைத் தட்டினால் தமிழ் எழுத்தில் அந்தச் சொல், ரோமன் எழுத்தில் உச்சரிப்பு, ஜெர்மனில் பொருள். அவ்வளவுதான். முதல் நாளே பேத்தியை அழைத்து வந்திருந்த ஓர் அம்மம்மா திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, மனம் எப்பிடி மரத்துக்கு முன்னுக்கு வந்தது?"

பட்டியலைப் பார்த்தேன். மனம், மரம், மலை என்று இருந்தது. அகராதி பார்த்துப் பழகிய யாருக்கும் அது உறுத்தும். தமிழில் னகரம் மெய்களின் கடைசி எழுத்து. ஆனால் 1991இல் வந்த யூனிகோடு, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைந்த இஸ்கி குறியேற்றத்தின் வரிசையைப் பின்பற்றி, நகரத்துக்குப் பக்கத்தில் னகரத்தையும் ரகரத்துக்குப் பக்கத்தில் றகரத்தையும் வைத்தது. கணினியை அதன் போக்கில் அடுக்கச் சொன்னால் இப்படித்தான் அடுக்கும். அடுக்குவது எப்படி என்று நான் அதற்குச் சொல்லவே இல்லை. திரையில் காட்டும் பகுதி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

இருபது வருடமாக மற்றவர்களுக்கு நான் விலைக்குச் சொல்லும் புத்தி இதற்கு எதிரானது. ஒரு செயலியை மூன்றாகப் பிரி என்பார்கள். மாதிரி என்பது சொல், பொருள், அவற்றின் வரிசை, விதி. தோற்றம் என்பது கண்ணுக்குத் தெரியும் பக்கம். கட்டுப்பாடு என்பது பயனர் தட்டியதை வாங்கி, மாதிரியிடம் கேட்டு, எந்தத் தோற்றத்தில் காட்டலாம் என்று முடிவுசெய்யும் இடைத்தரகர். நார்வேக்காரர் ட்ரிக்வே ரீன்ஸ்காக், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு விருந்தினராகப் போயிருந்தபோது 1979இல் எழுதிய குறிப்புகளில் இது பிறந்தது. இணையம் வருவதற்குப் பத்தாண்டுக்கு முன். மனிதன் மனத்தில் வைத்திருக்கும் உருவத்துக்கும் கணினியில் கிடக்கும் தரவுக்கும் பாலம் போடுவதுதான் அவருடைய கவலை. இணையச் செயலிகள் அதைப் பின்னர் தம் வசதிக்கு வளைத்துக்கொண்டன.

அம்மம்மாவின் கேள்வி என்னை இந்த ஊரின் பழைய கதை ஒன்றுக்கு இட்டுச் சென்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வேலை 1913இல், அமெரிக்க மிஷனரி சாண்ட்லர் பொறுப்பில் தொடங்கியது. ஒரு லட்சம் ரூபாயில் முடியும் என்று கணக்கிட்டது நான்கு லட்சத்தைத் தாண்டியது. (மதிப்பீடு நான்கு மடங்காவது எங்கள் தொழிலில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.) 1926இல் பொறுப்பேற்ற வையாபுரிப் பிள்ளை 1936க்குள் ஆறு தொகுதிகளையும் முடித்தார். 1939இல் அநுபந்தமும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஒவ்வொரு தலைச்சொல்லும் முதலில் தமிழில், அடுத்து குறிகளிட்ட ரோமன் எழுத்தில். ஒரே சொல்லுக்கு இரண்டு தோற்றம், அச்சிலேயே.

தொண்ணூறுகளில் கொலோன் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல், தமிழியல் நிறுவனத்தில் தாமஸ் மால்டனும் உடனிருந்தவர்களும் அந்தப் பேரகராதியைக் கணினியில் ஏற்றினார்கள். பிறகு இணையத்தில் தேடும்படி செய்தார்கள். சங்க இலக்கியச் சொல்லடைவுக்காக அவரும் தாமஸ் லேமனும் ஏற்கெனவே பாடல்களையும் ஏற்றியிருந்தார்கள். எல்லாம் ரோமன் எழுத்தில். தமிழில் தேடத் தமிழ் எழுத்தைத் தட்ட முடியாதா என்று எரிச்சல்பட்டவர்கள் உண்டு. நானும் பட்டிருக்கிறேன். ஊரில் தமிழ் மட்டும் படித்த ஒருவருக்கு அந்தத் தேடுபெட்டி மூடிய கதவுதான். ஆனால் அன்று எந்தக் கணினியிலும் சிதையாமல் நிற்கக்கூடியதாக இருந்தது வெறும் ரோமன் எழுத்து மட்டுமே. அவர்கள் சொல்லைக் காப்பாற்றினார்கள். அதன் தோற்றத்தைப் பிறகு வருபவர்களுக்கு விட்டார்கள்.

பிறகு வந்தவர்கள் வந்தார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் சங்க நூல்களைத் திறந்து முகப்பைப் படியுங்கள். ரோமன் வடிவம் தந்ததற்காக மால்டனுக்கும் கொலோன் நிறுவனத்துக்கும் நன்றி இருக்கும். அந்த வடிவத்தை ஒரு மாற்றி நிரலில் போட்டுத் தமிழ் எழுத்தாக்கினார்கள். பின்னர் திஸ்கி, அதன் பின் யூனிகோடு. மூன்று முறை சட்டை மாறியும் குறுந்தொகையில் ஒரு சொல்லைக்கூட யாரும் மறுபடி தட்டச்சு செய்யவேண்டி வரவில்லை.

அந்த நிறுவனத்தின் நூலகம் ஐரோப்பாவின் பெரிய தமிழ் நூல் தொகுப்புகளுள் ஒன்று. 2020ஐ ஒட்டி அங்கே தமிழ்ப் பிரிவு மூடப்படும் நிலை வந்தபோது புலம்பெயர்ந்தவர்கள் பணம் திரட்டினார்கள், தமிழ்நாடு அரசும் நிதி அறிவித்தது. ரைன் நதிக்கரையில் அதற்காகக் கையெழுத்தும் நன்கொடையும் கேட்டு நின்றவர்களில் பலர் அந்த அகராதியைப் பயன்படுத்தியதே இல்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு அது உறைத்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. 2001இல் கல்லூரியில் நானும் ஒரு நண்பனும் இணைய இதழ் ஒன்று நடத்தினோம். நான்கு இதழ்கள். கட்டுரைகளுக்கு ஓர் எழுத்துரு, கவிதைகளுக்கு அழகாக இருக்கிறதென்று இன்னொன்று. அன்று ஒவ்வோர் எழுத்துருவும் தன் இஷ்டத்துக்குத் தமிழ் எழுத்துகளை எண்களில் ஒட்டவைத்திருந்தது. எழுத்துரு போனால் எழுத்தும் போயிற்று. நண்பன் ஆறு வருடத்துக்கு முன் இறந்துவிட்டான். அவன் மனைவி அந்தக் கவிதைகளைக் கேட்டபோது குறுந்தகட்டைத் தேடி எடுத்துத் திறந்தேன். திரை முழுக்க உச்சிக்குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகள்.

கட்டுரைகளை மீட்டுவிட்டேன். ஒரு பக்கம் அச்செடுத்து வைத்திருந்தது உதவியது. குறியையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டேன். கவிதைக்கான எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை, அச்சுப் பிரதியும் இல்லை. எந்தக் குறி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி ஊகிக்கும் வழி உண்டு. ஆனால் எட்டு வரிக் கவிதைகள் மூன்றுக்கு அந்த எண்ணிக்கை போதவில்லை.

வகுப்புச் செயலியில் வரிசைப்படுத்தும் விதியை மாதிரிக்குள் கொண்டுவந்துவிட்டேன். மரம், மலை, மழை, மனம். அம்மம்மா அடுத்த சனிக்கிழமை பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார். இரவுகளில் நண்பனின் குறிகளோடு உட்காருகிறேன். இதுவரை பதினாறு எழுத்துகள் பிடிபட்டிருக்கின்றன.