எண்ணெய் விலையா, டொலர் பஞ்சமா? இலங்கையின் 2022 எரிபொருள் நெருக்கடி குறித்து

உக்ரைன் போரால் எண்ணெய் விலை ஏறியதாலேயே 2022இல் இலங்கை முடங்கியது என்ற விளக்கம் இன்றும் செல்வாக்கோடு இருக்கிறது. விலைப்பதிவுகள் அதற்கு இடந்தரவில்லை. பிரென்ட் மசகெண்ணெயின் 2012ஆம் ஆண்டுச் சராசரி பீப்பாய்க்கு ஏறத்தாழ 111 டொலர். 2022இல் அது ஏறத்தாழ 100 டொலர்தான். 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துச் சிலாபத்து மீனவர் வீதிக்கு வந்தனர். அவர்களது சண்டை விலையோடு. எண்ணெய் கையிருப்பில் இருந்தது. பத்தாண்டு கழித்து, காசு வைத்திருந்தவருக்கும் எண்ணெய் கிடைக்கவில்லை.

போர் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, 2021 நவம்பரில், சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மசகெண்ணெய் வாங்க டொலரின்றி மூடப்பட்டது. அப்போது பீப்பாய் விலை 80 டொலரை ஒட்டியே இருந்தது. 2019இன் வரிக்குறைப்புக்குப் பின் சர்வதேசக் கடன்சந்தை கதவடைத்தது. கொரோனா சுற்றுலா வருவாயை விழுங்கியது. நாணயமாற்று விகிதத்தை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்துவைத்ததால் வெளிநாட்டு உழைப்பாளரின் பணம் வங்கியை விட்டு உண்டியல் எனும் முறைசாராப் பணமாற்றுக்குப் போனது. மூன்றாவது காரணம் முழுக்க முழுக்க உள்ளூர்த் தயாரிப்பு.

2022 மார்ச்சில் பிடி தளர்ந்தது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாய். பீப்பாயை 110 டொலர் என்று கொண்டால் 39,600 ரூபாய். 2012இல் ஏறத்தாழ அதே டொலர் விலைக்கு 14,000 ரூபாய் அளவே தேவைப்பட்டது. இந்த வேறுபாட்டை உலகச் சந்தையின் கணக்கில் எழுத முடியாது.

சுமை யார் தலையில் விழுந்தது என்பதே எனக்கு முதன்மையான கேள்வி. பெற்றோல் விலை படிப்படியாக ஏறியது. மண்ணெண்ணெய் மட்டும் லீற்றர் 87 ரூபாயில் நிறுத்திவைக்கப்பட்டு, 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் 340 ஆனது. பிரென்ட் விலை ஜூன் உச்சத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த வேளை அது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் பலவற்றுக்கு மண்ணெண்ணெயே எரிபொருள். வடக்கின் கரையோரத் தொழில் பெரும்பாலும் அவற்றை நம்பியது. கரையில் மீனுக்கு விலை சொல்பவர் வியாபாரி. எனவே ஏறிய செலவை மீனவரால் விலையில் ஏற்ற முடியவில்லை. மானியம் மீனவரைச் சேராமல் எண்ணெயின் விலையோடு ஒட்டியிருந்ததால், விலை திருத்தப்பட்டபோது அதுவும் போய்விட்டது.

போர்க்கால விலை, இருந்த சொற்ப டொலரையும் வேகமாகக் கரைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உலக விலைக்கேற்ப உள்நாட்டு எரிபொருள் விலையை மாற்ற 2018இல் வந்த விலைச் சூத்திரத்தைக் கைவிடாதிருந்தால், ஏற்றம் சிறு சிறு படிகளாக வந்திருக்கும்; மீனவருக்கு நேரடி உதவி வகுக்கவும் அவகாசம் இருந்திருக்கும்.

நெருக்கடியின்போது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கிய கியூஆர் எரிபொருள் பங்கீடு 2023 செப்டெம்பர் 1இல் நீக்கப்பட்டது. அன்று பிரென்ட் விலை 85 டொலருக்கு மேல். சபுகஸ்கந்த மூடப்பட்ட நாளின் விலையைவிட அது கூடுதல்.