கெரோஜன்

படிவுப்பாறைகளில் கலந்திருக்கும், கரிமக் கரைப்பான்களில் கரையாத கரிமப்பொருள். பாசி, நுண்ணுயிர், நிலத்தாவரம் ஆகியவற்றின் எச்சம் ஆக்சிஜன் குன்றிய சேற்றில் புதைந்து இதுவாகிறது. ஆழம் கூடக்கூட வெப்பமேறி எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் சிதைகிறது. அச்சிதைவு எட்டியுள்ள நிலையே வெப்ப முதிர்ச்சி எனப்படும்.

கல்லிலிருந்து எண்ணெய் எடுப்பதற்கு இங்கிலாந்தில் 1694இலேயே காப்புரிமை வழங்கப்பட்டது. ஆனால் கெரோஜன் என்ற பெயருக்கு இட்டுச்சென்ற கதை ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. கிளாஸ்கோவில் பிறந்த வேதியியலர் ஜேம்ஸ் யங், நிலக்கரியை மிதமான சூட்டில் மெல்லக் காய்ச்சி எண்ணெய் வடிக்கும் முறைக்கு 1850இல் காப்புரிமை பெற்று, பாத்கேட் ஊரில் ஆலை நிறுவினார். அருகிலுள்ள டார்பேன்ஹில் சுரங்கத்தின் பழுப்புக் கல்லே அவருடைய மூலப்பொருள். டன்னுக்கு 100 காலனுக்கும் மேல் எண்ணெய் தந்த அக்கல், நெருப்புப் பட்டதும் சுடர்விட்டு எரியும்.

அதன் மதிப்பு தெரிந்ததும் வழக்கு மூண்டது. நிலக்கரி எடுக்கவே குத்தகை கொடுத்தோம், இது நிலக்கரியே அல்ல என்றனர் நிலவுடைமையாளரான கில்லெஸ்பி குடும்பத்தார். 1853இல் எடின்பரோவில் நிலவியலரும் வேதியியலரும் நுண்ணோக்கி வல்லுநரும் இரு கட்சியாய்ப் பிரிந்து சாட்சி சொன்னார்கள். கல்லின் மெல்லிய சீவலில் ஒளி ஊடுருவும் மஞ்சள் மணிகள் நெருக்கமாகத் தெரிந்தன. அவற்றைத் தாவரத் திசு என்றனர் சிலர். வெறும் கனிமம் என்றனர் வேறு சிலர். நடுவர் குழு குத்தகைதாரர் பக்கம் தீர்ப்பளித்தது. அது அறிவியல் முடிவா, வணிகச் சொல்வழக்கை ஒட்டிய முடிவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மஞ்சள் மணிகளோ அழகிய விடை பெற்றன: அவை இன்றும் நன்னீரில் வாழும் பொட்ரியோகாக்கஸ் பாசியின் உறவினங்கள் என்று 1936இல் ஆய்வாளர்கள் பிளாக்பர்னும் டெம்பர்லியும் காட்டினர். பூமி போதிய அளவு சூடேற்றாமல் விட்டிருந்த பாசியைத்தான் யங்கின் கலன்கள் சூடேற்றின.

டார்பேன்ஹில் கல் தீர்ந்தபின் லோதியன் வட்டாரத்து எண்ணெய்க் களிப்பாறை அதன் இடத்தைப் பிடித்தது. அப்பாறையின் கரிமப்பொருளுக்கே வேதியியலர் கிரம் பிரவுன் 1906இல் கெரோஜன் எனப் பெயரிட்டார். தொழில் 1962இல் நின்றது. செந்நிறக் கழிவுமேடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

பாறைநெய்யில் பச்சையத்தின் வழிவந்த போர்பைரின் என்னும் சேர்மங்களை வேதியியலர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் 1930களில் கண்டறிந்தது, அது உயிரினங்களிலிருந்தே உருவானது என்னும் உயிரின மூலக் கொள்கைக்கு வலுவூட்டியது. கனிம மூலக் கொள்கையை ஏற்போர் இன்றும் சிலர் உள்ளனர்.

கெரோஜனின் வெப்ப முதிர்ச்சியை அளக்கப் பல வழிகள் வந்தன. விட்ரினைட் என்னும் மரக்கூற்றின் ஒளி எதிரொளிப்பு ஏறத்தாழ 0.6 முதல் 1.3 விழுக்காடு வரை இருந்தால் எண்ணெய் உருவாகும் கட்டம் எனக் கொள்வர். பாசி மிகுந்த பாறைகளில் இந்த அளவு முதிர்ச்சியைக் குறைத்துக் காட்டுவதாகப் பலர் கருதுகின்றனர். 1977இல் இரு முறைகள் வெளியாயின. பாறைத்தூளைப் படிப்படியாகச் சூடேற்றி அளக்கும் ராக்-இவால் பிரான்சில் உருவானது. கோனோடான்ட் என்னும் நுண்புதைபடிவம் வெளிர்மஞ்சளிலிருந்து பழுப்பாகி, கறுத்து, மிகு வெப்பத்தில் மீண்டும் வெளுப்பதைக் கொண்டு வெப்பத்தைக் கணிக்கும் முறையை அமெரிக்காவில் அனிதா எப்ஸ்டைன் குழுவினர் வகுத்தனர்.

இந்நூற்றாண்டில் அமெரிக்கக் களிப்பாறைகளிலிருந்து எரிவாயு நேரடியாகப் பெருமளவில் எடுக்கப்பட்டபின், முதிர்ந்த கெரோஜனுக்குள் உள்ள நானோ அளவுத் துளைகள் ஆராயப்படுகின்றன.