வெஸ்ற் பொயின்ற் கல்லூரியும் பகிடிவதையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரி 1802ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. புதுமுக மாணவரைக் கட்டுப்பாட்டுக்குப் பழக்கும் பொறுப்பு காலப்போக்கில் மூத்த மாணவர் கைக்குச் சென்றது. பயிற்சி என்னும் போர்வையில் பகிடிவதை அங்கு வேரூன்றியது.

1898இல் சேர்ந்த ஒஸ்கார் பூஸ் என்னும் மாணவர் சில மாதங்களில் விலகி, 1900இல் காசநோயால் இறந்தார். மூத்தோர் அவரை வற்புறுத்திப் பருக்கிய மிளகாய்ச் சாறே நோய்க்குக் காரணமெனக் குடும்பத்தினர் முறையிட்டனர். காங்கிரஸின் விசாரணைக் குழு இதனை ஏற்கவில்லை. எனினும் பகிடிவதையைக் கடுமையாகக் கண்டித்தது. 1901இல் அதற்குச் சட்டத்தடை விதிக்கப்பட்டது.

அவ்விசாரணையில் சாட்சியமளித்தோருள் டக்ளஸ் மக்ஆதரும் ஒருவர். 1899இல் சேர்ந்து, தாமும் வதைக்குள்ளான அவர், மூத்தோரின் பெயர்களை வெளியிடத் தயங்கினார். அவரே 1919இல் அக்கல்லூரியின் அதிபரானார். புதுமுகத்தாரின் கோடைகாலப் பயிற்சியை மூத்த மாணவரிடமிருந்து நீக்கி, அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். 1922இல் அவர் பதவி நீங்கியபின் பழைய முறை மீண்டது. முதலாண்டு முழுவதும் புதுமுகத்தாரைத் தாழ்நிலையில் வைத்த ஒழுங்கு 1990இலேயே மாற்றியமைக்கப்பட்டது.

சட்டம் வதையைக் குற்றமாக்கியது. வதைக்கும் வாய்ப்பையோ விட்டுவைத்தது. இன்று பணிந்தவன் அடுத்த ஆண்டு பணிய வைப்பவன் ஆகலாம் என்ற நிலையில், வதையுண்டவரே அவ்வழக்கத்தின் காவலராயினர்.