காற்றும் தெருவும் ஓசையும்



“காற்றுவாக்கில் ஒரு செய்தி காதில் விழுந்தது” என்று நாம் சொல்வதுண்டு. காற்று வரும் திசையிலிருந்து ஓசை நன்கு கேட்கும் என்பதை நம் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பதற்கு இத்தொடரே சான்று. ஆயின், காற்று ஓசையை எவ்வாறு மாற்றுகின்றது? இவ்வினாவின் வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு.

இங்கிலாந்தில் வில்லியம் டெராம் என்பார், பீரங்கி வெடியின் ஒளியைக் கண்ட கணத்துக்கும் ஒலியைக் கேட்ட கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, ஒலியின் வேகத்தை 1708-இல் வெளியிட்டார். அதே முறையைச் சென்னையில் 1820, 1821 ஆகிய ஆண்டுகளில் கையாண்டவர், நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த ஜான் கோல்டிங்காம். ஆய்வுக்கூடத்துக்குக் கிழக்கே சுமார் 4 கிலோமீட்டரில் புனித ஜார்ஜ் கோட்டை. தென்மேற்கே சுமார் 9 கிலோமீட்டரில் பரங்கிமலை. இவ்விரு இடங்களிலும் வெடித்த பீரங்கிகளின் ஓசையை அவர் அளந்தார். வெப்பம், ஈரம், காற்றின் திசை ஆகியவற்றையும் உடன் குறித்துக்கொண்டார். கடற்காற்று கோட்டையின் ஓசைக்குத் துணையாகும்போது, மலையின் ஓசைக்குப் பெரும்பாலும் எதிராகும். அவருடைய முடிவுகள் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் 1823-இல் வந்தன.

ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்வது. இளங்காற்றோ 5 மீட்டரே செல்வது. ஆகவே காற்றினால் ஒலியின் வேகம் சிறிதே மாறும். அங்ஙனமாயின், காற்றுக்கு எதிரே நிற்பவனுக்கு ஓசை அறவே கேளாமற் போவது ஏன்? இதற்கு விடை கூறியவர் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர், ஆண்டு 1857. தரையருகே காற்று மெதுவாகவும், உயரத்தில் விரைவாகவும் வீசுகின்றது. அதனால் காற்றோடு செல்லும் ஒலி தரையை நோக்கி வளைகின்றது. எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகின்றது. ரெய்னால்ட்ஸ் 1874-இல் இதைச் சோதனையால் நிறுவினார். தெளிந்த இரவில் தரை குளிரும்போதும் ஒலி இவ்வாறே கீழ்நோக்கி வளையும்.

இனி, நகரத் தெருவைக் காண்போம். திறந்த வெளியில் ஒலி பரந்து தேய்கின்றது. இருபுறமும் உயர்ந்த சுவர்கள் நெருங்கிய தெருவிலோ, அது சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி நெடுநேரம் தங்குகின்றது. சென்னை ஜார்ஜ் டவுனில் தங்கசாலைத் தெரு வடக்குத் தெற்காக ஓடுகின்றது. கடற்காற்று அதன் குறுக்கே, கூரைகளுக்கு மேலாக வீசும். கூரையைக் கடந்த ஒலியைக் காற்று கீழே வளைப்பதால், வீடு மறைக்குமென்று நம்பிய பின்கட்டிலும் இரைச்சல் புகக்கூடும்.

நான் வாழும் மீஞ்சூருக்குக் கிழக்கே எண்ணூரின் துறைமுகமும் அனல்மின் நிலையமும் உள்ளன. கோடைக் காலையில் மேல்காற்று வீசுகையில் அப்பக்கத்து ஓசை எனக்குக் கேட்பதில்லை; பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் கேட்கின்றது. எந்திரம் ஒன்றே; காற்றுதான் வேறு.

இது வெறும் வியப்புக்குரிய செய்தியன்று. இந்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என எல்லை வகுத்துள்ளன. தொழிற்பகுதிக்கோ இரவிலும் 70 வரை இடமுண்டு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்காகும் என்பதை நினைவிற் கொள்க. தொழிற்சாலையும் ஊரும் அடுத்தடுத்து வளரும் இவ்வட்டாரத்தில், காற்றின் திசையை எண்ணாமல் பள்ளியும் மருத்துவமனையும் கட்டினால், படிக்கும் சிறுவரும் உறங்கும் நோயாளியுமே அதன் விலையைக் கொடுப்பர்.

நீங்கள் நாளை பொறியாளராகலாம், நகராட்சி உறுப்பினராகலாம். ஒரு தெருவின் அகலத்தை வரையுமுன், அங்கே எத்திங்களில் எத்திசைக் காற்று வீசுகின்றது என்று கேளுங்கள். கடிகாரமும் பொறுமையும் கொண்டு கோல்டிங்காம் குறித்ததுபோல், உங்கள் பள்ளி வாயிலில் நின்று நீங்களும் இன்றே குறிக்கத் தொடங்கலாம்.