மடல் சென்ற வழி

சிங்கப்பூரில் வெளிவந்த தமிழ் இதழ்களுள் இன்று நாம் கண்ணால் காணக்கூடிய மிகப் பழையது, 1887ஆம் ஆண்டில் தொடங்கிய 'சிங்கை நேசன்' ஆகும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1875இல், 'சிங்கை வர்த்தமானி' என்னும் இதழ் இங்கு வெளிவந்தது என அறிகிறோம். அதன் படி ஒன்றேனும் நம் கைக்குக் கிட்டவில்லை. அதில் யார் எழுதினர், எதைப் பற்றி எழுதினர் என்பன மறைந்துபோயின. பிறர் குறித்து வைத்த சில வரிகளே அப்படி ஓர் இதழ் இருந்தது என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. உடல் அழிந்த பின்னும் நிழல் எஞ்சியது எனலாம்.

இத்தகைய இழப்பு நூறாண்டுக்கு முன் வாழ்ந்தோருக்கு மட்டும் உரியதன்று. இன்று நம்மிடையே வாழ்வோர் பலரின் இளமைக் காலத்தில், அதாவது 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும், தொலைபேசிக் கம்பியின் வழியே கணினிகள் மடல் பரிமாறிக்கொண்டன. அம்மடல்களின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அவை எவ்வழியே, எப்பொழுது சென்றன என்பதைக் குறித்த பதிவேடுகள் சில இன்னும் எங்கேனும் எஞ்சியிருக்கக்கூடும். அப்பதிவேடுகளை ஆராய்வதற்கென்றே அந்நாளில் சிறு செயலிகள் எழுதப்பட்டன. கணக்குப் பார்ப்பதற்காகத் தோன்றிய அச்செயலிகளின் முறையை, வரலாறு பயில்வோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பலகையும் வலையும்

1978ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் இருவர் முதன்முதலாகக் கணினி அறிவிப்புப் பலகை ஒன்றை அமைத்தனர். வீட்டுக் கணினியைத் தொலைபேசியோடு இணைத்து வைத்தனர். வெளியிலிருந்து ஒருவர் தம் கணினியின் வழியே அழைத்து அறிவிப்புகளைப் படிக்கலாம். தாமும் ஒன்று எழுதி வைத்துப் போகலாம். தொலைபேசி இணைப்பு ஒன்றே ஆதலால் ஒரு நேரத்தில் ஒருவரே உள்ளே வர இயலும்.

ஒவ்வொரு பலகையும் தனித்தனிக் கிணறாகவே முதலில் இருந்தது. கிணறுகளை இணைக்கும் வாய்க்காலை 1984இல் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் வெட்டினார். அதுவே 'ஃபைடோநெட்' என்னும் அஞ்சல் வலை. தொலைபேசிக் கட்டணம் குறைவாக உள்ள பின்னிரவில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கினர். அந்நேரத்தில் கணினிகள் தாமே ஒன்றையொன்று அழைத்து, பகலெல்லாம் சேர்ந்திருந்த மடல்களை மூட்டையாகக் கட்டி ஒப்படைத்தன. 1986இல் ஜெஃப் ரஷ் என்பவர், ஒரு பலகையில் எழுதிய மடலைப் பிற பலகைகளிலும் தோன்றச் செய்யும் 'எக்கோமெயில்' முறையைப் புகுத்தினார். 1990களின் நடுவில் இவ்வலையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருந்தன. ஆசியா ஆறாம் மண்டலம் எனப் பெயர் பெற்றிருந்தது. நிலையத்தார் யாவரும் ஆர்வலர்கள். சொந்தக் கணினி, சொந்தத் தொலைபேசி, சொந்தப் பணம் ஆகியவற்றைக் கொண்டே இத்தொண்டினை நடத்தினர்.

சிங்கப்பூரிலும் இத்தகைய ஆர்வலர்கள் இருந்தனர். 1987இல் திறக்கப்பட்டு, பின்னாளில் கணினிப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற சிம் லிம் சதுக்கம், நம் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்துபோகும் தொலைவிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் பூமாலைக் கடைகளும் மளிகைக் கடைகளும்; மறுபக்கம் மோடமும் வட்டும் விற்கும் கடைகள். 1994இல் சிங்நெட் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவை வழங்கத் தொடங்கிய பின், பலகைகளின் காலம் மெல்ல மறைந்தது. 2007இல் ஆறாம் மண்டலம் என்னும் பெயரே ஃபைடோநெட் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எஞ்சிய நிலையங்கள் மூன்றாம் மண்டலத்தில் சேர்க்கப்பட்டன.

பதிவேடு என்பது யாது?

கணினித் துறையினர் இப்பதிவேட்டை 'லாக்' என்பர். அச்சொல் கப்பலிலிருந்து வந்தது. முடிச்சிட்ட கயிற்றில் மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, கயிறு ஓடும் வேகத்தைக் கொண்டு கப்பலின் வேகத்தை மாலுமிகள் கணித்தனர். அக்கணக்கை எழுதிய ஏட்டுக்கு மரக்கட்டையின் பெயரே நிலைத்தது. துறைமுக நகரில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். நம் மொழியிலும் இதற்கு உறவான மரபு உண்டு. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல்களின் வரவும் போக்கும் இடம்பெற்றுள்ளன. அன்றாட வணிகத்துக்காக எழுதியவை இன்று வரலாற்று மூலங்களாக விளங்குகின்றன.

அஞ்சல் நிலையத்துக் கணினியும் அவ்வாறே நாட்குறிப்பு எழுதியது. அழைப்பு ஒவ்வொன்றுக்கும் சில வரிகள் உண்டு. எந்த நாள், எந்த நேரம், எந்த நிலையத்தை அழைத்தது, மறுமுனை எடுத்ததா, எந்த வேகத்தில் இணைந்தது, எந்தக் கோப்பு எத்தனை எழுத்தளவு சென்றது, எப்பொழுது துண்டிக்கப்பட்டது என்பன அவற்றில் இருக்கும். ஒரு திங்களில் ஆயிரக்கணக்கான வரிகள் சேர்ந்துவிடும். மனிதக் கண் அவற்றைப் படித்துப் பொருள் காண்பது அரிது.

இங்கேதான் பதிவாய்வுச் செயலி உதவிக்கு வந்தது. அது வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, நாள், நேரம், நிலைய எண், விளைவு எனக் கூறுகளாகப் பிரிக்கும். பின்னர் நிலைய வாரியாகத் தொகுத்து, எத்தனை அழைப்புகள் கைகூடின, எத்தனை வீணாயின, எத்தனை நிமிடம் கம்பியில் கழிந்தது என்று பட்டியலிடும். வெளிநாட்டு அழைப்பின் செலவைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது இப்பட்டியலே கணக்குச் சீட்டாயிற்று.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நொடிக்கு 2,400 துகள் வேகமுடைய மோடம், நொடிக்கு ஏறத்தாழ 240 எழுத்துகளை அனுப்பும். ஒரு இலட்சம் எழுத்துகள் கொண்ட மூட்டை ஏறக்குறைய ஏழு நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். பதினைந்து நிமிடம் ஆனதாகப் பதிவேடு காட்டினால், கம்பியில் இரைச்சல் மிகுந்து, சிதைந்த பகுதிகள் மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டிருக்கலாம் என்று நிலையத்தார் ஐயுறுவர். 14,400 துகள் வேக மோடத்தில் அதே மூட்டை ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் சென்றுவிடும். செலவைக் குறைக்க எக்கருவியை வாங்குவது என்னும் வினாவுக்கும் பதிவேடே விடை சொன்னது.

ஆண்டில்லாத ஏடு

வரலாற்று மாணவர்க்குச் சுவையூட்டும் இடர் ஒன்று இங்கே எழுகிறது. அக்காலத்து அஞ்சல் செயலிகள் சில, ஒவ்வொரு வரியிலும் நாளும் திங்களும் நேரமும் எழுதின, ஆண்டை எழுதவில்லை. நம் கல்வெட்டுகள் பலவும் மன்னன் ஆட்சியேற்ற யாண்டை மட்டும் கூறித் தொடர் ஆண்டைக் கூறாமல் விடுவதை இது நினைவூட்டுகிறது. கல்வெட்டறிஞர் என் செய்கின்றனர்? கல்லில் உள்ள பிற செய்திகளோடு பொருத்திக் காலத்தைக் கணிக்கின்றனர். பதிவேட்டுக்கும் அம்முறை பொருந்தும்.

ஃபைடோநெட்டின் நிலையப் பட்டியல் வாரந்தோறும் வெள்ளிக்கிழமை நாளிட்டு வெளிவந்தது. அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதே கோப்பின் பெயரிறுதி எண்ணாகும். பதிவேட்டில் 073 என முடியும் பட்டியல் வந்து சேர்ந்ததாக ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம். எழுபத்து மூன்றாம் நாள் வெள்ளியாக அமைய வேண்டுமானால், அவ்வாண்டு புதன்கிழமை பிறந்திருக்க வேண்டும். 1984 முதல் 2000 வரை அவ்வாறு பிறந்தவை 1986, 1992, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளே. இனி அதே பதிவேட்டில் 14,400 துகள் வேக இணைப்பு ஒன்று காணப்பட்டால் 1986 விலகும். அவ்வேகம் அந்நாளில் தொலைபேசி மோடங்களுக்குப் பொதுவாக வாய்க்கவில்லை. 28,800 துகள் வேகம் காணப்பட்டால் 1992உம் விலகும். 14,400 துகளைவிட உயர்ந்த வேகம் எங்கும் காணப்படாவிடில், 1992 என்று கொள்வதற்கு இடமுண்டு. எனினும் பழைய கருவியைப் பல்லாண்டு பயன்படுத்துவோரும் உண்டாதலின், அது முடிந்த முடிபாகாது. சான்று எவ்வளவு தூரம் செல்கிறதோ அவ்வளவு தூரமே நாமும் செல்ல வேண்டும்.

தமிழ் மடலின் நிலை

இவ்வாராய்ச்சி தமிழுக்கு எவ்வாறு பயன்படும் என்று ஆசிரியர்கள் வினவலாம். அந்நாளைய வலைகள் உரோமன் எழுத்துக்காக அமைந்தவை. ஆகவே தொடக்கத்தில் தமிழில் மடல் எழுத விரும்பியோர் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்திலேயே எழுதினர். பின்னர்த் தமிழ் எழுத்துருக்கள் தோன்றின. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செயலியை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கினார். சிங்கப்பூரில், எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழகத்து விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் செயலியைத் தந்தார். சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் பெயரை நினைவூட்டும் பெயர் அது.

1995 அக்டோபரில், அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பைத் தொடங்கி வைத்தார். நான்கு மொழிகளுள் ஒன்றாகத் தமிழும் அதில் ஒளிர்ந்தது. அப்பணியில் நா. கோவிந்தசாமியும், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீயும் ஈடுபட்டனர். 1997 மே திங்களில் இணையத் தமிழ் பற்றிய அனைத்துலகக் கருத்தரங்கு சிங்கப்பூரில் கூடியது. 1999இல் நா. கோவிந்தசாமி மறைந்தார். 2000 சூலைத் திங்களில் இந்நகரிலேயே 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தொடங்கப்பெற்றது.

இவ்வெழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை வழங்கின. ஒன்றில் 'அ'வைக் குறிக்கும் எண் மற்றொன்றில் வேறோர் எழுத்தாகத் தோன்றும். 1991இல் வெளியான யூனிகோடு தரத்தில் தமிழ் இடம்பெற்றிருந்தும், அது மக்களிடம் பரவுவதற்குப் பல்லாண்டுகள் ஆயின. ஆதலால் அக்காலத்து மடல் ஒன்று இன்று முழுமையாகக் கிடைத்தாலும், எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்று தெரியாவிடில் அது பொருளற்ற குறிகளின் குவியலாகவே தோன்றும். மடல் எந்த நிலையத்தில் பிறந்தது, எந்நாளில் பிறந்தது, எந்தெந்த நிலையங்களைக் கடந்து வந்தது என்பதை அறிந்தால், எழுத்துருவை ஊகிக்க வழி பிறக்கும். எக்கோமெயில் மடலின் இறுதியில் அதனைக் கண்ட நிலையங்களின் எண்கள் வரிசையாக நிற்கும். உறையின்மேல் விழுந்த அஞ்சல் முத்திரைகள் போன்றவை அவை. ஆக, வழிப்பதிவு மடலைத் திறக்கும் திறவுகோலாகவும் ஆகிறது.

எண்ணிக்கையின் எல்லை

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. நள்ளிரவுக்கு முன் தொடங்கி நள்ளிரவுக்குப் பின் முடிந்த அழைப்பை, கவனமின்றி எழுதிய செயலி தவறாகக் கணக்கிடும். கணினிக் கடிகாரம் பிழைத்தால் ஏடு முழுதும் பிழைக்கும். இவற்றைத் திருத்தலாம். திருத்த முடியாத எல்லை ஒன்றும் உண்டு. நூறு மடல்கள் சென்றன என்று பதிவேடு கூறும். அவற்றுள் ஒன்று தாய்க்கு எழுதிய ஆறுதல் மொழியாயின், அதன் எடையை அது கூறாது. மடலின் அளவு வேறு, அதன் உள்ளடக்கத்தின் மதிப்பு வேறு.

அறநெறியும் கருதற்பாலது. யார் யாருக்கு, எந்நேரத்தில் எழுதினார் என்பதும் ஒருவரது தனிவாழ்வின் பகுதியே. பழைய பதிவேட்டை வெளியிடுவோர், பெயர்களையும் தொலைபேசி எண்களையும் நீக்கிவிட்டு எண்ணிக்கையையும் வழியையும் மட்டும் வெளியிடுதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் சேர்க்கும் மரபுடைமைத் திட்டத்தில் தொண்டர்கள் பலர் தேசிய நூலக வாரியத்தோடு கைகோத்தனர். ஏறத்தாழ 350 நூல்கள் 2015இல் பொதுப் பயனுக்கு வந்தன. அச்சேறியவற்றைக் காக்கும் மனமும் ஆற்றலும் நம்மிடம் உண்டு என்பதற்கு அது சான்று. அச்சேறாத மின்மடல்களுக்கும் அப்பரிவு நீள வேண்டும்.

மாணவர்கள் தம் வீட்டுப் பெரியோரிடம் பழைய நெகிழ்வட்டுகள் உள்ளனவா என்று கேட்கலாம். அத்தகைய வட்டுகளில் உள்ள காந்தப் பூச்சு காலப்போக்கில் தேய்கிறது. படிக்கும் கருவிகளும் அருகி வருகின்றன. ஆதலின் கிடைத்தவுடன் படி எடுத்தல் முதற்கடன். மடலை வைத்துக்கொண்டு பதிவேட்டைக் குப்பை என்று அழித்தல் கூடாது. இரண்டையும் சேர்த்தே காத்தல் வேண்டும். எழுத்துருவும் அதனோடு இருத்தல் நலம். ஆசிரியர்கள் ஒரு பதிவேட்டுப் பக்கத்தை வகுப்பில் விரித்து, அதன் ஆண்டைக் கண்டறியுமாறு மாணவர்களைப் பணிக்கலாம். கணக்கும் வரலாறும் மொழியும் ஒரே பாடத்தில் கூடும்.

'சிங்கை வர்த்தமானி'யின் படியை நாம் இனித் தேடி அலைய வேண்டியுள்ளது. அதனைக் கையில் வைத்திருந்தோர்க்கு அது அன்றைய தாள், அவ்வளவே. இன்று ஒரு பெட்டியின் அடியில் கிடக்கும் கருநிற வட்டும், வைத்திருப்போர் கண்ணுக்கு அத்தகையதாகவே தோன்றும். அதை எறிவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்குமாறு சொல்வது தமிழாசிரியர்களின் கடமையாகும்.