ஓமந்தையைப் படம் பிடிக்க எத்தனை கமரா வேணும்?

ஓமந்தை என்று சொன்னால் ஆளாளுக்கு வேற வேற இடம்தான் ஞாபகம் வரும். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது பல வருசத்துக்குப் பிறகு தரைவழியாகப் போய்வந்த ஆக்களுக்கு, அது பையைத் திறந்து காட்டி வரிசையில் நின்ற இடம். ஓமந்தையில் ஆமி, புளியங்குளத்தில் இயக்கம், நடுவில் செஞ்சிலுவைச் சங்கம் நின்ற சூனியப் பிரதேசம். 2006 ஓகஸ்டில் பாதை மூடுப்பட்டது. 2009 இல் வன்னிக்குள்ளிருந்து வெளியேறி வந்த சனத்துக்கு அது பதிவும் விசாரணையும் நடந்த இடம். அதைத் தாண்டித்தான் மெனிக் பாம். தங்கட பிள்ளையை, புருசனை அங்கதான் கடைசியாகக் கண்டம் என்று இன்றைக்கும் சொல்கிற குடும்பங்கள் இருக்கின்றன. 2011 இல் யாழ்தேவி ஓமந்தை வரைக்கும் ஓடத் தொடங்கியபோது அது கடைசி ஸ்டேசன். 2015 இல் சோதனைச் சாவடியும் எடுபட்டுவிட்டது.

இப்ப பஸ்ஸில் அந்த இடத்தைக் கடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இதில் எதுவும் தெரிய வழியில்லை. சரி, இதை ஆவணப்படமாக எடுப்பம் என்று வெளிக்கிட்டால் முதல் பிரச்சினை இதுதான்: அறுபது நிமிசப் படத்தில் யாருடைய ஓமந்தையை வைக்கிறது? மற்ற ஆக்களின் ஓமந்தையை எங்க வெட்டிப் போடுறது?

எங்கட மண்ணில் ஆவணப்படத்துக்குக் குறைவிருக்கவில்லை. ஒரு பக்கம் அரச தொலைக்காட்சி, மறுபக்கம் இயக்கத்தின் நிதர்சனம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான கதையைத்தான் சொல்லின. ஆனால் ஒரு விசயத்தில் இரண்டும் ஒன்று: பார்க்கிற சனம் பார்த்துக்கொண்டு இருக்க வேணும், திருப்பிக் கதைக்கக் கூடாது. சுயாதீனப் படம் என்று நாங்கள் சொல்லும்போது காசு யார் குடுத்தது என்பதை மட்டும்தான் கேட்கிறோம். படத்தில் வந்த ஆள் படத்துக்குப் பதில் சொல்ல முடியுமா என்பதையும் கேட்க வேணும்.

இந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்ததில்லை. 1967 இல் கனடாவின் தேசியத் திரைப்படச் சபை நியூஃபவுண்லாந்தின் ஃபோகோ தீவுக்கு இயக்குநர் கொலின் லோவை அனுப்பியது. அங்கேயிருந்த மீனவர்களை இடம்பெயர்த்து வேறிடத்தில் குடியேற்றும் யோசனை அரசிடம் இருந்தது. கொலின் லோ ஒரு பெரிய படம் எடுக்காமல், இருபதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் படங்களாக எடுத்தார். எடுத்ததை முதலில் தீவுச் சனத்துக்கே போட்டுக் காட்டினார். ஒரு கரைக்காரர் சொன்னதை மற்றக் கரைக்காரர் பார்த்தார்கள். பிறகு படங்கள் அமைச்சரிடம் போயின. அவரின் பதிலும் படமாக்கப்பட்டு தீவுக்குத் திரும்பி வந்தது. சனம் தீவிலேயே நின்றது, மீனவர் கூட்டுறவுச் சங்கமும் அமைத்தது. இன்ரநெற் இல்லை, கைபேசி இல்லை. ஆனால் ஊடாட்டம் இருந்தது.

இணையம் வந்த பிறகு இதற்குப் புது உருவம் கிடைத்தது. ஓமந்தைக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் 2008 இன் கடைசி மாதங்களில் ஆர்ட்டே தொலைக்காட்சி வெளியிட்ட 'காஸா ஸ்தெரோத்'. எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்த இரண்டு ஊர்களின் அன்றாட வாழ்க்கை, சிறு சிறு வீடியோக்களாக நாளாந்தம் வந்தது. திரையின் நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ஒரு ஊர், வலப்பக்கம் மற்ற ஊர். முகத்தை வைத்தோ, வரைபடத்தை வைத்தோ, விசயத்தை வைத்தோ பார்வையாளரே தெரிவு செய்யலாம். ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் நடுவில் இருந்த கோட்டை இப்படி ஒரு திரையில் யோசித்துப் பாருங்கோ.

இந்தியாவில் 2008 இல் தொடங்கிய 'பாட்.மா' இன்னொரு வழியைக் காட்டியது. அங்கே முக்கியம் முடித்த படம் இல்லை, வெட்டாத காட்சிகள். ஒரு காட்சியின் எந்த விநாடியில் என்ன நடக்கிறது என்று எழுத்துக் குறிப்புச் சேர்க்கலாம். அந்தக் குறிப்பை வைத்தே தேடலாம். வெட்டி எறிந்த துண்டுக்குள்தான் சில வேளை ஒருவரின் வரலாறு கிடக்கும் என்பது எங்கட ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எங்கட பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. கண்ணன் அருணாசலத்தின் 'ஐ ஆம்', மூத்த ஆக்களின் குரலையும் புகைப்படத்தையும் சேர்த்து இணையத்தில் வைத்தது. ராதிகா ஹெட்டியாராச்சியின் 'ஹேர்ஸ்ரோரிஸ்', முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா உட்பட வடக்கிலும் தெற்கிலும் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட தாய்மாரின் கதைகளைச் சேர்த்தது. கையால் எழுதின கடிதங்களும் அதில் இருக்கின்றன. 2005 இல் தொடங்கிய நூலகம், புத்தகத்தோடு நிற்காமல் வாய்மொழி வரலாறு, ஒலி, ஒளி என்று விரிந்தது. இவை எதுவும் முழுமையான ஊடாடும் ஆவணப்படம் இல்லை. ஆனால் அதைக் கட்டத் தேவையான கல்லும் மண்ணும் இவைதான்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, அழிவு. அந்தக் காலத்து வலை ஆவணப்படங்களில் கணிசமானவை ஃபிளாஷ் மென்பொருளில் செய்யப்பட்டவை. 2020 டிசம்பரோடு அடோபி அதைக் கைவிட்டது. பரிசு வாங்கின படைப்புகள்கூட இன்றைக்குத் திறக்காது. பெட்டிக்குள் கிடந்த பழைய வீடியோ கசற்றையாவது தூசு தட்டிப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஆபத்து. ஃபோகோ தீவில் அமைச்சர் பதில் சொன்னார். இங்க பதில் சொல்ல வாறது யார் என்று எங்களுக்குத் தெரியும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017 இலிருந்து வீதியோரத்தில் இருந்து போராடின அம்மாக்களை விசாரணைக்காரர்கள் படம் எடுத்தது புதினமில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் போதாதென்று 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. ஒரு அம்மாவின் முகம், ஊர், யாரை எங்க கையளித்தார் என்ற விபரம் எல்லாம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வரும்போது, கிளிக் பண்ணுகிறவர் எல்லோரும் நல்ல மனசோடு வருவார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 'ஆர் வேணுமெண்டாலும் கருத்துச் சொல்லலாம்' என்பது கனடாவில் சுதந்திரம். வன்னியில் அது சில வேளை காட்டிக்கொடுப்பு.

அதனால் போனும் கமராவும் வைத்திருக்கிற பெடியள், பெட்டையளுக்குச் சொல்ல இருக்கிறது இவ்வளவுதான். ஃபோகோவில் செய்த மாதிரி, இணையத்தில் ஏற்ற முதல் கதை சொன்ன ஆளுக்குப் போட்டுக் காட்டுங்கோ. அவர் பிறகு 'வேண்டாம், எடு' என்றால் எடுக்கக் கூடிய மாதிரிக் கட்டுங்கோ. குரல் மட்டும் போதுமென்றால் முகம் வேண்டாம். மூலக் கோப்பை ஒரு தளத்தை மட்டும் நம்பி விடாமல் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கோ. டேற்றா வாங்கக் காசில்லாத ஊர்களுக்கு வாசிகசாலையில் திரை கட்டிக் காட்டுங்கோ. சிங்களத்தில் உபதலைப்புப் போடுங்கோ. ஏனெண்டால் ஓமந்தையில் மேசைக்கு மற்றப் பக்கம் இருந்து பதிவெடுத்த ஆமிக்காரனுக்கும் ஒரு ஓமந்தை ஞாபகம் இருக்கும். அன்றைக்கு எழுதின பேர்கள் எங்கே என்ற கேள்வி அவனையும் போய்ச் சேர வேணும்.