ஐந்தாண்டுப் பேரரசு

அட்வாவில் 1896-இல் எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கிடம் இத்தாலியப் படை வாங்கிய அடியைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த அவமானம் ரோமில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆறாத புண்ணாகக் கிடந்தது. அதைக் கிளறி அரசியல் செய்யத் தெரிந்தவர் முசோலினி.

1935 அக்டோபர் 3. போர் அறிவிப்பு எதுவுமின்றி இத்தாலியப் படைகள் எரித்திரியாவிலிருந்து மாரேப் ஆற்றைக் கடந்தன. சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. ஆனால் தடைப் பட்டியலில் பெட்ரோலியம் இல்லை! பிரிட்டன் சூயஸ் கால்வாயையும் மூடவில்லை; துருப்புக் கப்பல்கள் சுங்கம் கட்டிவிட்டு அதன் வழியே போய்க்கொண்டிருந்தன. எண்ணெயை நிறுத்தியிருந்தால் ஒரே வாரத்தில் பின்வாங்கியிருப்பேன் என்று 1938-இல் மியூனிக்கில் முசோலினியே ஹிட்லரிடம் சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் பால் ஷ்மிட் எழுதியிருக்கிறார். ஜெயித்த பிறகு பேசும் பேச்சு. கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும்.

உள்நாட்டில் அந்தத் தடையே அவருக்கு லாபமாயிற்று. உலகமே நம்மை நெரிக்கிறது என்றார். டிசம்பர் 18 அன்று ராணி எலேனா தம் திருமண மோதிரத்தைக் கழற்றி நாட்டுக்குக் கொடுத்தார். ஏழைப் பெண்களும் வரிசையில் நின்று தங்கத்தைக் கொடுத்து எஃகு மோதிரம் வாங்கிப் போனார்கள்.

களத்தில் நடந்ததோ வேறு. 1925 ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்த அதே இத்தாலி, விமானங்களிலிருந்து மஸ்டர்ட் வாயுவைப் பொழிந்தது. 1936 மே 5-இல் அடிஸ் அபாபா விழுந்தது. மே 9 இரவு வெனீசியா மாளிகை பால்கனியில் நின்று, ரோமாபுரிப் பேரரசு மீண்டு வந்துவிட்டதாக முசோலினி முழங்கினார்.

இந்த வெற்றிதான் அவரைக் கெடுத்தது என்பேன். விஷவாயுவும் வல்லரசுகளின் தயக்கமும் தந்ததைத் தன் படைபலம் என்று அவரே நம்பிவிட்டார். பிறகு ஸ்பெயின், அல்பேனியா. 1940 ஜூன் 10-இல், பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து உலகப் போரிலும் குதித்தார். அக்டோபர் 28-இல், ஹிட்லரைக் கலந்துகொள்ளாமலே கிரீஸ் மீது பாய்ந்தார். மழைக்காலம், மலைப்பாதை, போதாக்குறைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் படையின் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்! கிரேக்கர்கள் சில வாரங்களிலேயே அவர் படையை அல்பேனியாவுக்குள் விரட்டினார்கள்.

ஆப்பிரிக்காவிலும் அடி விழுந்தது. 1941 மார்ச்சில் எரித்திரியாவின் கெரென் மலைக்கோட்டையைப் பிடித்ததில் இந்தியாவின் 4, 5-ஆம் டிவிஷன்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மே 5-இல், தலைநகர் விழுந்து சரியாக ஐந்தாண்டு கழித்து, எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி அடிஸ் அபாபா திரும்பினார்.

கிரீஸில் சிக்கியவரை மீட்க ஹிட்லர் பால்கன் பகுதிக்குள் இறங்கிய கதை அடுத்த வாரம்.

(தொடரும்)